மெய்நிகர் மருத்துவரும் எம்.சி.யும்

“எம்.சி. எடுத்துட்டியா?”

விரிவுரைக்கு வராத நண்பனிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். “உடம்பு எப்படி இருக்கு?” என்பது அதற்கு அடுத்துத்தான் வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படிக் கேட்டவன்தான். கடந்த ஆண்டு எனக்கே காய்ச்சல் வந்தபோதும் என் மனம் முதலில் எம்.சி.யைத்தான் தேடியது. விடுதி அறையில் படுத்தபடியே, கைப்பேசித் திரையில் ஒரு மருத்துவரிடம் பேசி, அதைப் பெற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தையும், அதன் பிறகு தேடித் தெரிந்துகொண்ட செய்திகளையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வளாகத்தில் இருக்கும் நமக்கும், வேலைக்குச் சென்றுவிட்ட நம் மூத்த மாணவர்களுக்கும் இது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

எம்.சி. என்பது என்ன?

தமிழில் இதை மருத்துவ விடுப்புச் சான்றிதழ் என்கிறோம். “இவரை நான் பரிசோதித்தேன், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இவரால் பணிக்கோ வகுப்புக்கோ செல்ல இயலாது” என்று ஒரு மருத்துவர் தம் பெயரிட்டுக் கையொப்பமிட்டுத் தரும் சாட்சியமே அது. நம் நாட்டில் அந்தச் சாட்சியத்தை யார் வேண்டுமானாலும் தந்துவிட முடியாது. 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்று, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தொழில் சான்றிதழையும் வைத்திருப்பவரே இங்கு மருத்துவத் தொழில் செய்ய முடியும்.

தொழிலாளர்களுக்கு எம்.சி. ஒரு சட்ட உரிமையாகும். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எஃப் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. ஒரே முதலாளியிடம் ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால் 60 நாள் வரை கிடைக்கும். 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, இந்த 60 நாள் மேற்கண்ட நாள்களுக்குக் கூடுதலாக வருவதாகும். நோய் விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால், அது அனுமதியின்றி வேலைக்கு வராததாகக் கருதப்படும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. இந்த 48 மணி நேரக் கணக்கைப் பலர் அறிந்திருப்பதில்லை.

உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்த அஞ்சுகிறவர்கள் உண்டு. என் அம்மா தொழிற்சாலையில் வேலை செய்பவர். எம்.சி. எடுத்தால் அந்த மாதத்து வருகைப் படி போய்விடும் என்று, காய்ச்சலோடு வேலைக்குப் போய் வந்த நாள்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டுக் காகிதத்திற்கு இவ்வளவு மதிப்பு எப்படி வந்தது என்பதை நான் முதலில் புரிந்துகொண்டது வீட்டில்தான்.

மாணவர்களாகிய நமக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நம்மைக் கட்டுப்படுத்துபவை பல்கலைக்கழக விதிகள். எங்கள் பல்கலைக்கழகத்தில் 80 விழுக்காடு வருகை இல்லையென்றால் இறுதித் தேர்வு எழுதத் தடை விதிக்கலாம். ஆகவே நமக்கு எம்.சி. என்பது தேர்வு மண்டபத்தின் கதவைத் திறந்து வைக்கும் சாவியாகிவிடுகிறது.

மருத்துவர் திரைக்கு வந்த கதை

தொலைவில் இருந்தபடி மருத்துவம் பார்ப்பது என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. நம் நாடாளுமன்றம் 1997ஆம் ஆண்டிலேயே தொலைமருத்துவச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆனால், நிறைவேறிப் பல ஆண்டுகள் கடந்தும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. மக்களை உண்மையில் திரைக்கு முன் அமர வைத்தது கோவிட்-19 பெருந்தொற்றே. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. கிளினிக்கில் காத்திருக்கவே மக்கள் அஞ்சிய காலம் அது. அவ்வாண்டு மலேசிய மருத்துவ மன்றமும் பெருந்தொற்றுக் காலத்து மெய்நிகர் ஆலோசனை குறித்து மருத்துவர்களுக்கு அறிவுரை வெளியிட்டது. பெருந்தொற்று தணிந்த பின்னும் அந்தப் பழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது.

நடைமுறை எளிதுதான். செயலியைப் பதிவிறக்கம் செய்து, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வாமை உண்டா, வேறு நோய் உண்டா என்ற கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். கட்டணம் செலுத்திவிட்டுக் காத்திருந்தால் மருத்துவர் திரையில் தோன்றுவார். பேசி முடித்த பிறகு, தேவையென்று அவர் கருதினால் மருந்துச் சீட்டும் எம்.சி.யும் மின்னியல் ஆவணமாக வந்து சேரும். மருத்துவரின் பெயர், அவருடைய பதிவு எண், கிளினிக்கின் முகவரி, விடுப்புத் தேதிகள் ஆகியவை அதில் இருக்கும். உண்மைத்தன்மையைச் சரிபார்க்க ஒரு கியூ.ஆர். குறியீடும் பெரும்பாலும் உடன் இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை இரவு

எனக்குச் சனிக்கிழமை இரவு காய்ச்சல் தொடங்கியது. ஞாயிறு முழுவதும் பனடோலில் ஓடியது. திங்கட்கிழமை மாலை எழுந்து நிற்கவே தள்ளாடியது. பல்கலைக்கழக மருந்தகம் அதற்குள் மூடிவிட்டார்கள். புதன்கிழமை காலை 20 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கான இடைப்பருவச் சோதனை. என் கணக்கு எளிமையானது: செவ்வாய், புதன், வியாழன் என மூன்று நாளுக்கு எம்.சி. வாங்கிவிட்டால் சோதனையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். 25 ரிங்கிட் கட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

திரையில் வந்தவர் ஒரு பெண் மருத்துவர். காய்ச்சல், தலைவலி என்று மலாயில் இரண்டே சொல்லில் முடித்தேன். இடைநிலைப்பள்ளிக்குப் போன நாளிலிருந்து கிளினிக்கில் நான் அப்படித்தான் பேசி வந்திருக்கிறேன். அவர் ஒரு நொடி திரையை உற்றுப் பார்த்தார்.

“பேரைப் பார்த்தேன். தமிழ்லயே சொல்லுங்க தம்பி. உங்களை என்னால தொட்டுப் பார்க்க முடியாது. நீங்க சொல்றதுதான் எனக்குப் பரிசோதனை.”

அதன் பிறகுதான் நான் உண்மையில் பேசத் தொடங்கினேன். கண்ணுக்குப் பின்னால் யாரோ அழுத்துவது போல இருக்கிறது, முட்டி, முழங்கை எல்லாம் அடித்துப் போட்டது போல வலிக்கிறது, வாய் கசக்கிறது, சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றெல்லாம் சொன்னேன். ‘ஹெடேக்’ என்றோ மலாயில் ‘சாக்கிட் கெப்பாலா’ என்றோ சொல்லியிருந்தால், கண்ணுக்குப் பின்னால் என்ற அந்தச் செய்தி வெளியே வந்திருக்காது.

அவர் மேலும் கேட்டார். காய்ச்சல் சரியாக எந்த நாள், எந்த நேரம் தொடங்கியது? பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்ததா? இன்று எத்தனை முறை சிறுநீர் கழித்தீர்கள்? விடுதியில் வேறு யாருக்காவது காய்ச்சலா? என்ன மாத்திரை போட்டீர்கள்? தலைவலி தாங்காமல், நண்பன் கொடுத்த ஐபுபுரோஃபென் மாத்திரை ஒன்றை அன்று மதியம் விழுங்கியிருந்தேன். அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. டிங்கி சந்தேகம் இருக்கும்போது ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவை அதிகமாக்கலாம், இனிமேல் தொடக்கூடாது என்றார். கையைக் கேமராவுக்கு அருகில் காட்டச் சொன்னார். மங்கலான விடுதி விளக்கில், என் கறுத்த தோலில், சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா இல்லையா என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. “தெரியல தம்பி” என்று அதை மறைக்காமல் சொன்னார்.

நான் மூன்று நாள் கேட்டேன். அவர் ஒரு நாள்தான் தந்தார்.

“இந்த ஒரு நாள், நாளைக்குக் காலையில நீங்க நேரா போய் இரத்தம் எடுக்குறதுக்கு. அதுக்கு அப்புறம் எத்தனை நாள்னு, இரத்தத்தைப் பார்க்குறவர் சொல்லட்டும்.”

எனக்குக் கோபம் வந்தது. சோதனை இருக்கும் புதன்கிழமைக்கே எம்.சி. இல்லை. 25 ரிங்கிட் வீணாகிவிட்டது என்று அறை நண்பனிடம் புலம்பினேன். செவ்வாய்க்கிழமை காலையில் நான் போர்வையை விலக்கவே இல்லை. அவன்தான் விடாப்பிடியாக என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி அரசாங்கக் கிளினிக்கிற்குக் கொண்டு போனான். அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட். இரத்தப் பரிசோதனையில் டிங்கி என்பது உறுதியானது. பிளேட்லெட் எனப்படும் இரத்தத் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 150,000க்குக் குறையாமல் இருக்க வேண்டும். எனக்கு அது ஏற்கெனவே அதற்குக் கீழே இறங்கியிருந்தது. நிறைய நீர் அருந்தும்படியும், மறுநாள் காலையில் மீண்டும் வரும்படியும் சொல்லி அனுப்பினார்கள்.

புதன்கிழமை விடியற்காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சோதனைக்குக் கிளம்பினேன். படியிறங்குவதற்குள் வயிறு பிடுங்கியது, அடுத்தடுத்து வாந்தி. டிங்கியில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான கட்டத்தின் தொடக்கமாக இருக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வரும் அந்தக் கட்டத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசியும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகளாகும். அன்று என்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான்கு நாள் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

சுகாதார அமைச்சின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் டிங்கியால் பாதிக்கப்பட்டோர் 120,000க்கும் மேற்பட்டவர்கள். இறந்தவர்கள் 100 பேர். அந்தப் புதன்கிழமைக்கும் சேர்த்து எனக்கு எம்.சி. கிடைத்திருந்தால், நான் செவ்வாய்க்கிழமை கிளினிக்கிற்குப் போயிருக்கவே மாட்டேன். காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டது என்று நினைத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருப்பேன். இதை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

திரையால் முடிவதும் முடியாததும்

மெய்நிகர் மருத்துவம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இரவில் என்னை டிங்கி என்ற திசைக்குத் திருப்பியது அதுதான். சாதாரணச் சளி, ஒரு நாள் வயிற்றுப்போக்கு, மாதவிடாய் வலி, ஏற்கெனவே கண்டறியப்பட்ட ஒற்றைத் தலைவலி போன்றவற்றுக்கு அது பெரிதும் உதவும். தன் நோயாளியை முன்பே அறிந்த மருத்துவருக்கு இன்னும் எளிது. வாகனம் இல்லாத மாணவருக்கும், அருகில் கிளினிக் இல்லாத ஊரில் இருப்பவருக்கும், தொற்றைப் பிறருக்குப் பரப்ப விரும்பாதவருக்கும் அது நல்ல வழி.

ஆனால் திரையால் வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாது. நெஞ்சின் ஒலியைக் கேட்க முடியாது. இரத்த அழுத்தம் அளக்க முடியாது. இரத்தம் எடுக்க முடியாது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, மயக்கம், தொடர்ந்து இரண்டு மூன்று நாள் விடாத காய்ச்சல் ஆகியவற்றுக்கு நேரில் செல்வதே முறை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் டிங்கியை மருத்துவர்கள் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். என் இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு சுகாதாரப் பணியாளர்கள் எங்கள் விடுதிக்கு வந்து புகையடித்தார்கள். கால்வாயிலும் பூச்சாடிகளிலும் தேங்கிய நீரைக் கொட்டினார்கள். நான் காகிதத்தோடு நின்றிருந்தால், என்னைக் கடித்த கொசு பக்கத்து அறைக்காரனையும் கடித்திருக்கும்.

ஒரு நிமிட எம்.சி.

எல்லா மெய்நிகர் ஆலோசனையும் எனக்கு அமைந்தது போல இருப்பதில்லை. அண்டை நாடான சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு நடந்தது இதற்குச் சான்று. அங்கே மெய்நிகர் மருத்துவச் சேவை வழங்கிய ஒரு கிளினிக்கைச் சுகாதார அமைச்சு விசாரித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 100,000க்கும் மேற்பட்ட ஆலோசனைகள் ஒரு நிமிடத்திலோ அதற்கும் குறைவாகவோ முடிந்திருந்தது தெரியவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதன் உரிமம் ரத்து செய்யப்பட்டது. என்னிடம் அந்த மருத்துவர் கேட்ட கேள்விகளை ஒரு நிமிடத்தில் கேட்டு முடிக்க இயலாது.

இதில் மருத்துவர்மீது மட்டும் பழி போட்டுவிட முடியாது. கேள்வி கேட்காத மருத்துவரைத் தேடிச் செல்கிறவர்கள் நாம்தாமே! இல்லாத வயிற்றுவலியைச் சொல்லி எம்.சி. வாங்குவது நமக்குச் சிறிய பொய்யாகத் தோன்றலாம். தொட்டுப் பார்க்க முடியாத மருத்துவர் நம் சொல்லை நம்பித்தான் கையொப்பமிடுகிறார். அந்த நம்பிக்கை கெட்டால், நாளை உண்மையில் நோயுற்றுத் திரைக்கு முன் அமரும் ஒருவரின் எம்.சி.யும் சந்தேகத்திற்கு உள்ளாகும். எம்.சி.யைத் தாமே திருத்துவதும் போலியாகத் தயாரிப்பதும் வேறு நிலை. குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 465ஆம் பிரிவின்கீழ் போலி ஆவணம் தயாரிப்பதற்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. போலி என்று அறிந்தே ஒன்றைப் பயன்படுத்துபவருக்கும் 471ஆம் பிரிவின்கீழ் அதே தண்டனைதான்.

ஏற்றுக்கொள்வார்களா?

எனக்குக் கிடைத்த அந்த ஒரு நாள் எம்.சி.யின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் புல அலுவலகம் அதை ஏற்கவில்லை. வெளியில் பெறும் எம்.சி.யைப் பல்கலைக்கழக மருந்தகத்தில் உறுதிப்படுத்த வேண்டும், மெய்நிகர் எம்.சி.க்கு அதுவும் இல்லை என்றார்கள். செவ்வாய்க்கிழமை டியூட்டோரியலுக்கு நான் வராதவனாகவே பதிவாகியிருக்கிறேன். மருத்துவமனை தந்த எம்.சி. ஏற்கப்பட்டது; சோதனையை இரண்டு வாரம் கழித்து எழுதினேன். வேலை செய்யும் இடங்களிலும் நிலைமை ஒரே மாதிரி இல்லை. 60எஃப் பிரிவு, மருத்துவர் ‘பரிசோதித்த’ பிறகே விடுப்பு என்கிறது. முதலாளி நியமித்த மருத்துவர் இருந்தால் அவரிடமே முதலில் செல்ல வேண்டும் என்றும் கூறுகிறது. 1955இல் சட்டம் எழுதியவர்கள் திரையை நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே, கீழ்க்காணும் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம்.

1. நோய் வருவதற்கு முன்பே, உங்கள் புலமோ நிறுவனமோ மெய்நிகர் எம்.சி.யை ஏற்குமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. மருத்துவரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவரா என்பதைப் பொதுமக்களும் அங்கே பார்க்கலாம்.

3. திரைக்கு முன் அமரும் முன், காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும், உடல் வெப்பத்தையும், எடுத்த மாத்திரைகளையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெளிச்சமான இடத்தில் அமருங்கள்.

4. உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் வலியைச் சொல்லுங்கள். குத்துகிறதா, கடுக்கிறதா, எரிகிறதா, பிசைகிறதா, விண்ணென்று தெறிக்கிறதா? இத்தனை சொற்களைத் தமிழ் நமக்குத் தந்திருக்கிறது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், முதலில் தமிழில் நினைத்துவிட்டுப் பிறகு மொழிமாற்றிச் சொல்லுங்கள்.

5. விரிவுரையாளருக்கோ மேலாளருக்கோ அன்றே தெரிவித்துவிடுங்கள். எம்.சி. பிறகு வரட்டும்.

6. “நேரில் போய்ப் பாருங்கள்” என்று மருத்துவர் சொன்னால், அன்றே போங்கள்.

நிறைவாக

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்திருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் அதைப் படித்தபோது, நான்காமவரை எதற்காகச் சேர்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. செயலியில் மருத்துவர் கிடைக்கிறார். மருந்தும் வீடு தேடி வருகிறது. போர்வையை இழுத்து, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளினிக்கிற்குக் கொண்டு போன அந்த அறை நண்பன் செயலியில் கிடைக்க மாட்டான்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை ஒரு நண்பன் விரிவுரைக்கு வரவில்லை என்றால், எம்.சி.யைப் பற்றிக் கேட்கும் முன் அவன் அறைக் கதவைத் தட்டிப் பாருங்கள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேளுங்கள். மூன்று நாள் என்று சொன்னால், சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புங்கள்.